மாத்தளைத் தோட்டங்களில் தப்பிசை

மாத்தளை நகருக்கு வடக்கே சிறிது தொலைவில், பெரும் பாறைகளின் நடுவே அலுவிகாரை என்னும் குகைக்கோயில் அமைந்திருக்கிறது. குருவின் வாயிலிருந்து மாணாக்கரின் செவிக்கு எனத் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதல் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இங்கேதான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பெற்றது என்பது மரபு வழி வந்த செய்தி. கேள்வியாக இருந்ததை எழுத்தாக்கி அழியாது காத்த ஊர் என்னும் பெருமை மாத்தளைக்கு உண்டு.

அதே மாத்தளை மலைச்சரிவுகளில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒலித்த மற்றொரு கேள்விச் செல்வமும் உண்டு. அது எந்த ஓலையிலும் ஏறவில்லை. அதைக் காத்தவர்களின் பெயரும் எந்த ஏட்டிலும் பதியப்பெறவில்லை. அதுவே தோட்டத் தொழிலாளரின் தப்பிசை.

1830ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னரும் கண்டி, மாத்தளைப் பகுதிகளிலே காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்டது. அதற்கு வேண்டிய ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தனர். பாக் நீரிணையைத் தோணியிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாகச் சுமார் 150 மைல் காட்டுப் பாதையை அவர்கள் கால்நடையாகவே கடந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டவர் பலர். எஞ்சியோர் மலைநாட்டின் வாயிலாக முதலிற் கண்ட ஊர் மாத்தளை. மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது 1880ஆம் ஆண்டிலேதான். நடந்து வந்தவர்கள் கொண்டுவந்த பொருள் மிகச் சொற்பம். ஆயினும் மாரியம்மன் வழிபாட்டையும், கூத்தையும், பாட்டையும், அவற்றுக்கெல்லாம் உயிர்நாடியான தப்பையும் அவர்கள் விட்டுவரவில்லை.

தப்பு என்பது பறை இனத்தைச் சேர்ந்த கருவி. மரத்துண்டுகளை வளையமாகப் பொருத்தி, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் அதன் ஒரு முகத்தில் ஒட்டிச் செய்வர். வாசிப்பவன் இதனைத் தோளில் மாட்டி இடப்பக்கத்தில் அணைத்துக்கொள்வான். அவனுடைய வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. இடக்கையில் நீண்ட மெல்லிய குச்சி. தடித்த குச்சி தோலின் நடுவே விழும்போது ஆழ்ந்த அடியொலி பிறக்கும். மெல்லிய குச்சி விளிம்பைத் தட்டும்போது கூரிய சிற்றொலி எழும். அடியொலி தாளத்தின் நடையை நிறுத்த, சிற்றொலி அதன்மேற் கோலமிடும். கேட்பவர் செவி கோலத்தையே நாடும்; கால்கள் மட்டும் அடியொலிக்கு இசைந்து அசையும்.

மலைநாட்டு ஈரக் காற்றிலே தோல் தளர்ந்துவிடும். ஆகவே வாசிப்பதற்கு முன் சருகும் வைக்கோலும் மூட்டித் தப்பைத் தீயிற் காய்ச்சுவர். சூடு குறைந்தால் தோல் இறங்கிவிடும், கூடினால் வெடித்துவிடும். எந்த அளவில் நிறுத்துவது என்பதை விரலால் ஒரு தட்டுத் தட்டி, செவியாற் கண்டுகொள்வர். சுருதி சேர்க்கும் கலை இதுவன்றி வேறில்லை.

தோட்டத்து வாழ்க்கையில் தப்பு நுழையாத இடமில்லை. விடியுமுன் லயத்து மக்களை எழுப்புவது தப்பு. அவ்வொலி கேட்டுப் பெண்கள் அடுப்பு மூட்டுவர். பின்னர் யாவரும் பெரட்டுக் களத்திற் கூடுவர். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அன்றைய வேலையைப் பங்கிடுவர். திருவிழாவில் தெய்வத்தை அழைப்பதும் தப்பு. சாவு வீட்டிலிருந்து பாடைக்கு முன்னே செல்வதும் தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. அடுத்த மலையில் நிற்பவனும் ஒலி கேட்ட மாத்திரத்தில், அங்கே நடப்பது விழாவா, இழவா என்று அறிந்துகொள்வான். கடிகாரமோ, தந்தியோ, செய்தித்தாளோ இல்லாத லயத்துக்கு அவை மூன்றுமாக இருந்தது தப்பு.

இங்கே ஒரு முரணையும் காணலாம். தெய்வத்துக்கும் இறந்தோர்க்கும் உரிய கருவியைத் தோட்ட நிருவாகம் வேலைக்கு ஆள் திரட்டும் கருவியாகவும் ஆக்கிக்கொண்டது. இரவிலே கூத்துக்கு அடித்த அதே கை, உறக்கமின்றி விடியற்காலையில் பெரட்டுக்கும் அடித்தது. சம்பளக் கணக்கில் அவன் ஒரு கூலியாள். கலைஞன் என்று அவனை எழுதிவைக்க அந்த ஏட்டில் ஓர் இடமும் இருக்கவில்லை.

தப்பிசையின் முழு ஆற்றலையும் காமன் கூத்திற் காணலாம். மாசி மாத வளர்பிறையிற் காமன் கம்பம் ஊன்றுவர். மன்மதன் இரதி திருமணமும், சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுதலும், அவன் எரிக்கப்படுதலும், இரதியின் புலம்பலும் அடுத்தடுத்து நிகழும். மேடையும் திரையும் இல்லை. தோட்டத்து வெளியே அரங்கு. காட்சி மாறியதைச் சொல்வது தப்பின் அடி மாற்றமே. மணக்கோலத்துக்குத் துள்ளல் நடை. வீரபத்திரன் வருகைக்கு விரைந்த நடை. இரதியின் புலம்பலுக்குத் தளர்ந்த நடை. ஆடுபவன் களைத்தால் நடையைத் தாழ்த்தி அவனுக்கு மூச்சு விடுவதும், பாடுபவன் அடி மறந்தால் இன்னும் ஒரு சுற்று அடித்து இடைவெளியை மறைப்பதும் தப்புக்காரனின் நுண்ணறிவு. இது எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்பட்டதன்று. மறுநாட் காலையிலோ, இரதியாக வந்தவனின் குரலையும் மன்மதனின் முடியையும் பற்றியே ஊர் பேசும். அத்தனையையும் விடியும் வரை தாங்கி நின்றவனைப் பற்றிப் பேச்செழாது.

மாசி மாதமே மாத்தளை நகரிலும் விழாக் காலம். 1874ஆம் ஆண்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியோடு எழுந்த முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்கள் பவனி வரும். சுற்றுத் தோட்டங்களிலிருந்து மக்கள் திரண்டு வருவர். கோயில் மேளத்திலும் இதே நிலையைக் காணலாம். நாகசுரக்காரரின் பெயரை யாவரும் அறிவர். தவில்காரரின் பெயரும் தெரிந்திருக்கும். அவர்களுக்குப் பின்னே, விரல் வைக்கத் துளையில்லாத ஒத்துக் குழலை ஊதி, ஒரே சுருதியை இடைவிடாது பிடித்து நின்றவர் யார் என்று வினவியவர் அரிது. பின்னர்ச் சுருதிப்பெட்டி வந்தது, ஒத்துக்காரர் மறைந்தார், மறைந்ததையும் பலர் கவனிக்கவில்லை.

அடியொலியைத் தாங்குபவன் மறக்கப்படுவது தமிழர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் மின்விசையால் இயங்கும் பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ராக் இசைக்கும் அதன் உறவான சோல் இசைக்கும் அது அடித்தளமாயிற்று. டிட்ராயிட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் அக்கருவியின் தந்திகளை ஒற்றை விரலால் மீட்டி, 1960ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் ஒலித்த பாடல்கள் பலவற்றுக்கு உயிரூட்டினார். ஆயினும் 1971ஆம் ஆண்டில் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்று வெளியாகும் வரை, அந்நிறுவனத்தின் தட்டுறைகளில் அவர் பெயர் இடம்பெறவில்லை. 1983ஆம் ஆண்டில் அவர் காலமானார். ராக் இசைப் புகழ் மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது 2000ஆம் ஆண்டில். காலம் கடந்தேனும் அவருக்கு ஒரு பெயர் கிடைத்தது. அவர் வாசித்தது தட்டில் இருந்தது.

மாத்தளைத் தப்புக்காரனுக்கு அந்தத் தட்டும் இல்லை. அவன் மறக்கப்பட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு, அது சாதி. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை வகுக்கையில், தெய்வத்தோடும் உணவோடும் யாழோடும் பறையையும் சேர்த்தே வைத்தது. பிற்காலத்தில் அக்கருவி ஒரு குலத்தாரின் தலையில் மட்டும் சுமத்தப்பட்டு, இழிவின் அடையாளமாக்கப்பட்டது. கடல் கடந்தும் அந்த இழிவு கழியவில்லை. தப்பில்லாமல் தெய்வம் வராது என்று நம்பிய அதே மக்கள், தப்படித்தவனை ஒதுக்கி நிறுத்தினர்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டின்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறவும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974ஆம் ஆண்டிலேதான் தீர்மானிக்கப்பட்டது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவராயினர். தப்பு ஒருவன் தனித்து வாசிக்கும் கருவியன்று; ஒருவன் நடையைப் பிடிக்க, மற்றவன் கோலமிடும் கூட்டுக் கலை. கூட்டு பிரிந்தபோது கலையும் குறைந்தது.

மலையகத்தின் பாட்டுக்களைச் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்து நூலாக்கினர். பாட்டுக்குச் சொல் உண்டு, எழுதிவிடலாம். அடிக்கு எழுத்தில்லை, அது கையிலிருந்து கைக்கே செல்ல வேண்டும். இன்று தோட்டத்து இளைஞரிற் சிலர், தந்தையைத் தலைகுனிய வைத்த கருவி தமக்கு வேண்டாம் என்கின்றனர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. வேறு சிலர், இது தம் முன்னோரின் கலை, நாணத்துக்குரியதன்று எனக் கூறி, பொது மேடைகளிலே தப்பைத் தலைநிமிர்ந்து வாசிக்கின்றனர். சாதிக் கட்டாயத்தால் அடித்த நிலை நீங்கி, விரும்பிய எவரும் கற்கும் நிலை வந்தால்தான் இவ்விரு சாராரின் நியாயமும் நிறைவேறும்.

அலுவிகாரையிற் கூடிய துறவியர், கேட்டவர் மறைந்தால் கேள்வியும் மறையும் என அஞ்சியே எழுத்தாணியை எடுத்தனர் என்பர். அவ்வச்சம் இன்று அதே ஊரின் தோட்டங்களுக்கும் பொருந்தும். பழைய அடிகளை அறிந்த முதியோர் சிலர் இன்னும் லயங்களில் இருக்கின்றனர். அவர்கள் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து, இன்னாருடைய கை இது என்று பெயரும் எழுதி வைப்பது அரிய செயலன்று. முதியோர் இருக்கும்போதே அதைச் செய்தல் வேண்டும்.