கிழங்கின் நஞ்சும் ஈரலின் நொதியும்

பேராக் மாநிலத் தோட்டங்களில் நம் மக்களின் வாழ்வோடு ஒன்றிய பயிர்கள் இரண்டு. ஒன்று இரப்பர், மற்றொன்று மரவள்ளி. இரண்டும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. இரண்டும் ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளே இம்மாநிலத்து இரப்பர் வரலாற்றின் தொடக்கம். இவ்விரு பயிர்களுக்கும் பொதுவான இயல்பு வேறொன்றும் உண்டு. இரப்பர் விதையிலும் மரவள்ளிக் கிழங்கிலும் லினமரின் என்னும் பொருள் உள்ளது. கிழங்கை வெட்டினாலும் நசுக்கினாலும் அது சிதைந்து, சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது.

1941 டிசம்பரில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. 1945 வரை நீடித்த அவ்வாட்சியில் அரிசி அருகியது. மரவள்ளியே பலருக்கு அன்றாட உணவாயிற்று. நஞ்சுள்ள கிழங்கை நாள்தோறும் உண்டவர் பிழைத்தது எங்ஙனம்? சமைக்கும் முறை ஒரு காரணம். தோலுரித்து, துண்டாக்கி, நீரில் ஊறவைத்து, வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடும். எஞ்சியதை உடல் தானே முறிக்கிறது. அது எவ்வாறு என்று அறிஞர்கள் கண்ட வரலாற்றை இங்குக் காண்போம்.

1933இல் ஜெர்மானிய அறிஞர் கொன்ராட் லாங், விலங்குத் திசுக்களில் உள்ள ஒரு நொதி சயனைடுடன் கந்தகத்தைச் சேர்த்து, நஞ்சு மிகக் குறைந்த தயோசயனேட்டாக மாற்றுவதைக் காட்டினார். அந்நொதிக்கு ரொடனீஸ் என்று பெயர். ரோசா மலரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இப்பெயரின் வேர். தயோசயனேட்டுடன் இரும்பு உப்புச் சேர்ந்தால் செந்நிறம் தோன்றும். அதனால் வந்த பெயர் இது. அந்நிறத்தின் அடர்த்தியை அளந்தே நொதியின் வேலையையும் அளக்கின்றனர்.

ஈரலில் எண்ணற்ற புரதங்கள் கலந்திருக்கின்றன. ஒன்றைத் தனியே பிரித்தாலன்றி அதன் தன்மை விளங்காது. ஈரலை அரைத்துச் சாறெடுத்து, அம்மோனியம் சல்பேட் உப்பைப் படிப்படியாகச் சேர்த்தால், வெவ்வேறு புரதங்கள் வெவ்வேறு அளவில் திரண்டு படியும். நொதி எப்பகுதியில் தங்கியது என்பதைச் செந்நிறச் சோதனை சொல்லிவிடும். சுவீடன் நாட்டு அறிஞர் போ சோர்போ, மாட்டீரலிலிருந்து தூய ரொடனீஸைப் படிகமாகவே எடுத்து 1953இல் வெளியிட்டார்.

அதன்பின் அமெரிக்காவில் ஜான் வெஸ்ட்லியும் அவருடன் உழைத்தோரும் அந்நொதியின் வேகத்தை ஆராய்ந்தனர். கந்தகம் தரும் தயோசல்பேட்டையும் சயனைடையும் நொதி ஒருங்கே பற்றுகிறதா, ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றுகிறதா என்பதே வினா. இரண்டின் அளவையும் மாற்றி மாற்றி வேகத்தை அளந்து, தலைகீழ் எண்களாக்கி வரைபடத்தில் இட்டால் விடை கிடைக்கும். ஒருங்கே பற்றுமாயின் கோடுகள் பொதுவாக ஒன்றையொன்று வெட்டும். ரொடனீஸ் தந்தவையோ இணைகோடுகள். நொதி முதலில் கந்தகத்தைப் பெற்றுத் தன்னிடம் தாங்குகிறது. பின்னரே சயனைடுக்கு வழங்குகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். ஈரலில் நொதி எவ்வளவு இருப்பினும், கொடுக்கக் கந்தகம் இல்லையேல் பயனில்லை. உடலுக்குக் கந்தகம் வருவது பெரும்பாலும் மீன், முட்டை, பயறு முதலிய புரத உணவுகளிலிருந்து. மரவள்ளியிலோ புரதம் மிகக் குறைவு. ஆகவே கிழங்கை மட்டுமே உண்டவர் நஞ்சையும் ஏற்றனர். அதனை முறிக்கும் முதலையும் இழந்தனர். மேலும், தயோசயனேட்டும் முற்றிலும் தீங்கற்றதன்று; உணவில் அயோடின் குறைந்தவிடத்து அது கழுத்துக் கழலைக்குத் துணையாகும். மலையாள நாட்டார் கப்பையோடு மீன்கறி சேர்த்துண்ணும் வழக்கத்தின் நன்மையும் இதனால் விளங்கும்.

போர்க்காலப் பசியைப் பற்றி எழுதுவோர், மக்கள் கிழங்கு தின்றனர் என்பதோடு நிறுத்தலாகாது. எதனோடு தின்றனர், எவருக்கு அதுவும் கிட்டவில்லை என்பதையும் கேட்டெழுதுதல் வேண்டும். சொல்லத்தக்க முதியோர் இன்று மிகச் சிலரே உள்ளனர்.