சாவா மூவா ஆடுகளும் காற்றில் போன எருவும்

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பதிவு ஆட்டுப் புழுக்கையைப் பற்றியது. முகம் சுளிப்பவர்கள் இங்கேயே திரும்பிக்கொள்ளலாம், மத்தவங்க வாங்க.

போன கோடையில் பாலாற்றுப் பக்கம் இருக்கும் மாமாவின் நிலத்துக்குப் போயிருந்தேன். வரப்போரம் ஒரு லோடு ஆட்டு எரு குவிந்து கிடந்தது. முந்தின நாள் பெய்த மழையில் நனைந்திருந்தது. கிட்டப் போனால் கண் எரிகிறது. "நெடி அடிக்குது பாருங்க, அதான் நல்ல எரு. நெடி இருந்தாத்தான் சத்து இருக்குன்னு அர்த்தம்"னு லாரிக்காரர் சொல்லிட்டுப் போனாராம். அந்த நெடி அம்மோனியா. மாமா காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து நிலத்தைத் தொடாமலே காற்றில் கிளம்பிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் சொன்னதும் பொய்யில்லை. சத்து இருந்தது, போய்க்கொண்டும் இருந்தது.

பழைய ஆட்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்ற கேள்வி அன்றைக்குத் தொற்றிக்கொண்டது.

ஆட்டைப் பற்றி நம் ஊர்ப் பக்கம் எழுத்தில் கிடைக்கும் பழைய கணக்கு கோயில் சுவரில்தான் இருக்கிறது. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய ஒரு மந்தை ஆட்டைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் விளக்குக்கு 96 ஆடு. தொண்டை மண்டலத்தில் 90 என்ற எண்ணும் வரும். இடையர்கள் பொறுப்பேற்று, நாளுக்கு ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வந்துவிடும், மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் அதற்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. எவ்வளவு அழகான கணக்குச் சொல்! ஆனால் அந்தக் கணக்கில் இருப்பது நெய் மட்டுமே. 96 ஆடும் வருஷம் முழுக்க எங்கோ மேய்ந்து, எங்கோ படுத்து, எரு போட்டிருக்கும். விளக்குக்கு எழுதிய கல்லுக்கு அது தேவைப்படவில்லை. பக்கத்து உத்திரமேரூரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (919, 921) ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று சொல்கிறது. எருவுக்கு வாரியம் கிடையாது. இருந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும்.

எருவின் கணக்கு கல்லில் ஏறவில்லை, பழக்கத்தில் தங்கியது. தை, மாசியில் சம்பா அறுத்த பிறகு காலி நிலத்தில் ஆட்டுக் கிடை போடுவார்கள். இடையர் மந்தையை ஓட்டிவந்து ராத்திரி முழுக்க வயலில் படுக்க வைப்பார், நிலத்துக்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். மறுநாள் கிடை அடுத்த துண்டு நிலத்துக்கு நகரும். கிடை நகர்ந்த இடத்தில் சூட்டோடு ஏர் ஓட்டிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம்.

ஏன்னு பார்ப்போம். ஆடு வெளியேற்றும் நைட்ரஜனில் பெரும்பங்கு மூத்திரத்தில் யூரியாவாகப் போகிறது. மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை ஓரிரு நாளிலேயே அம்மோனியாவாக உடைத்துவிடும். வெயில், காற்று, களர் மண் மூன்றும் சேர்ந்தால் அது அப்படியே பறந்துவிடும். மண்ணுக்குள் புரட்டிவிட்டால் களிமண் துகள்கள் அதை அம்மோனியமாகப் பிடித்துக்கொள்ளும். புழுக்கைக்குள் இருக்கும் நைட்ரஜன் வேறு வகை. அது கட்டுண்டு கிடக்கிறது, மெதுவாகத்தான் அவிழும். 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்ற பழமொழியில் 'அந்த வருஷம்' வந்ததற்கு மூத்திரத்துக்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஆட்டு எருவில் சராசரியாக 3 சதவீதம் தழைச்சத்து என்கிறது, தொழு உரத்தில் 0.5 சதவீதம். ஒரு டன் ஆட்டு எருவில் 30 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது ஏறக்குறைய 20.7 கிலோ. ஒன்றரை மூட்டை யூரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பல்கலைக்கழகம் இன்னொன்றும் சொல்கிறது: பட்டியைக் கூட்டி அள்ளிக் குழியில் போட்டால் மூத்திரத்தின் சத்து வீண், வயலிலேயே கிடை போட்டால் இரண்டும் மண்ணுக்கு வரும்.

இந்தக் காற்றுக் கணக்கை ஆய்வுக்கூடத்தில் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் இருந்த அகஸ்டஸ் வோல்க்கர். 1856ல் தொழு உரம் பற்றிப் பெரிய கட்டுரை வெளியிட்டார். அவர் பயந்தது காற்றைக் கண்டல்ல, மழையைக் கண்டு. திறந்த முற்றத்தில் சத்து கரைந்து ஓடுகிறது, வயலில் பரப்பிய எருவிலிருந்து அம்மோனியா பெரிதாகப் போகாது என்றார். அந்தக் குளிருக்கும் மழைக்கும் சரியாக இருந்திருக்கலாம். சித்திரை வெயிலில் அவர் நின்றதில்லை. அவர் மகன் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் நின்றார். இந்திய விவசாயத்தைப் பார்க்க 1889ல் அனுப்பப்பட்டு, 1893ல் வந்த அறிக்கையில், சாணம் அடுப்புக்குப் போவதையும் மூத்திரம் வீணாவதையும் எழுதினார். இந்திய விவசாயி ஆங்கிலேய விவசாயிக்குச் சளைத்தவரில்லை என்றும் எழுதினார். அதைச் சொல்ல வெள்ளைக்கார நிபுணர் வர வேண்டியிருந்தது என்பது வேற கதை.

பிறகு நடந்தது தெரிந்ததே. 1906ல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் செய்யத் தொடங்கியது. 1970களில் மணலி ஆலையிலிருந்து யூரியா மூட்டை வந்தது. யூரியாவையும் மேலாகத் தூவிவிட்டுப் போனால் அதே நொதி, அதே அம்மோனியாதான். மூட்டையில் வந்ததால் நமக்கு நெடி தெரியவில்லை, அவ்வளவே.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உழுதுடணும்னு எனக்குத் தெரியாதாடா? எங்கப்பா கிடை நகர்ந்த காலையிலே ஏரைப் பூட்டிடுவாரு. அப்ப மாடு வீட்டுல நின்னுச்சு. இப்ப டிராக்டருக்குச் சொன்னா நாலு நாள் கழிச்சு வரான்."

சரி, கிடையே போட்டால் என்ன என்றேன். சுத்துப்பட்டு நிலமெல்லாம் போர் தண்ணியில் மூணு போகம். தை மாசத்திலும் பயிர் நிற்கிறது, மந்தை எந்த வழியாக வரும்? வந்தாலும் ஒரு ராத்திரி தப்பித்து அடுத்தவர் நாற்றில் வாய் வைத்தால் யார் பதில் சொல்வது? ஆட்டுக்காரர்களும் இந்தப் பக்கம் வருவதைக் குறைத்துவிட்டார்கள். அதனால் எரு லாரியில் வருகிறது. லோடு கணக்கில் விலை, எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பேருமாகச் சேர்ந்து குவியலைக் கூட்டிக் கட்டி, மேலே வரப்பு மண்ணை வெட்டிப் போட்டு மூடினோம். டிராக்டர் ஐந்தாம் நாள் வந்தது.