நீரின் வாய்பாடும் இரு சொற்களும்

இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்ததே நீரின் மூலக்கூறு என்று இன்று பள்ளிச் சிறுவனும் சொல்வான். ஒரு வரியில் அடங்கும் இவ்வுண்மை நிலைபெற ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன. அணு வேறு, மூலக்கூறு வேறு என்னும் தெளிவு பிறவாமையே அத்தாமதத்திற்குப் பெருங்காரணம். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பொருள்கள் யாவும் பகுக்கவொண்ணாத நுண்துகள்களால் ஆயவை என்னும் எண்ணம் பழமையானது. பரமாணுக்கள் இரண்டு கூடித் துவியணுகம் ஆகும் என்றனர் நம் நாட்டு வைசேஷிகர். கிரேக்க நாட்டு டெமாக்ரிட்டஸும் அணுக்கொள்கையைப் போதித்தார். இவையெல்லாம் சிந்தனையாற் கண்ட முடிவுகள். அணுவைத் தராசோடு இணைத்த பெருமை ஆங்கில நாட்டு ஜான் டால்ட்டனுக்கே உரியது.

நெசவாளியின் மகனாகிய டால்ட்டன், மாஞ்செஸ்டர் நகரில் ஆசிரியராக வாழ்ந்தவர். 1803-ஆம் ஆண்டில் அணு எடைகளைக் கணக்கிடத் தொடங்கி, 1808-இல் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே எடையின; அவை முழு எண்ணிக்கையிலேயே பிற அணுக்களோடு கூடும் என்றார். ஆயினும் ஓர் இடர் எழுந்தது. நீரில் ஹைட்ரஜன் ஒரு பங்கு எடையாயின் ஆக்ஸிஜன் எட்டுப் பங்கு என்று தராசு காட்டும். அணுக்கள் எத்தனை என்று அது காட்டாது. ஒன்றும் ஒன்றும் கூடின என்றால் ஆக்ஸிஜன் அணுவின் எடை 8. ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு என்றால் அது 16. எளிமையே இயற்கையின் வழி எனக் கொண்ட டால்ட்டன், ஒன்றும் ஒன்றும் என்றே முடிவு செய்தார்.

அதே 1808-இல் பிரெஞ்சு அறிஞர் கே-லுசாக் வேறொரு செய்தியை அறிவித்தார். வாயுக்களின் பருமனை அளந்தால், ஹைட்ரஜன் இரண்டு பங்கும் ஆக்ஸிஜன் ஒரு பங்கும் கூடி நீராவி இரண்டு பங்கு உண்டாகிறது என்பதே அது. ஒரு பங்கு வாயுவில் நூறு துகள்கள் உள்ளன எனக் கொள்வோம். நூறு ஆக்ஸிஜன் துகள்கள் இருநூறு நீராவித் துகள்களில் இடம்பெற வேண்டுமாயின், ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளவுபட வேண்டும். அணு பிளவுபடுமோ? டால்ட்டன் இதனை ஏற்கவில்லை. கே-லுசாக்கின் அளவைகளையே ஐயுற்றார்.

விடை 1811-இல் இத்தாலியிலிருந்து வந்தது. சட்டம் பயின்று பின் பௌதிகத்திற்கு வந்த அவகாட்ரோ, பிளவுபடுவது அணுவன்று. ஆக்ஸிஜன் வாயுவின் துகளே ஈரணுக்களின் கூட்டு என்று விளக்கினார். டால்ட்டனோ நீரின் நுண்துகளையும் அணு என்றே வழங்கியவர். அவகாட்ரோவும் இருவகைத் துகளையும் ஒரே சொல்லால், அடைமொழி மட்டும் மாற்றிக் குறித்தார். மேலும், ஒரே மின்தன்மையுடைய ஈரணுக்கள் ஒன்றையொன்று விலக்குமேயன்றிக் கூடா என்பது ஸ்வீடன் நாட்டு பெர்ஸீலியஸின் கருத்து. அவர் செல்வாக்கின் முன் அவகாட்ரோவின் குரல் எடுபடவில்லை. உரிய புகழைக் காணாமலே 1856-இல் அவர் மறைந்தார்.

குழப்பம் பெருகிற்று. அஸெட்டிக் அமிலம் ஒன்றற்கே வழங்கிய பத்தொன்பது வாய்பாடுகளைக் கெக்குலே தம் நூலில் வரிசைப்படுத்திக் காட்டினார். இதற்கு முடிவு காண 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் அறிஞர்கள் கூடினர். அணு எது, மூலக்கூறு எது என்பதே அவர்கள்முன் நின்ற வினா. அவகாட்ரோவின் கொள்கையால் யாவும் தெளியும் என்று இத்தாலியரான கனிட்ஸாரோ வாதாடினார். அன்று முடிவேதும் ஏற்படவில்லை. எனினும் கலையும் வேளையில் வழங்கப்பட்ட அவருடைய சிறு பிரசுரம் பலர் மனத்தை மாற்றிற்று. அக்கூட்டத்திற்கு வந்திருந்த மெண்டலீவ், திருந்திய அணு எடைகளைக் கொண்டே 1869-இல் மூலகங்களின் ஆவர்த்த அட்டவணையை அமைத்தார்.

ஒரேவகை அணுக்கள் எவ்வாறு கூடும் என்ற பெர்ஸீலியஸின் ஐயத்திற்கு, 1916-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் விடை கூறினார். ஈரணுக்கள் ஓர் இணை எலெக்ட்ரான்களைப் பொதுவுடைமையாகக் கொள்வதே பிணைப்பு என்றார் அவர். ஆக்ஸிஜனின் புறக்கூட்டில் எலெக்ட்ரான்கள் ஆறு. எட்டு நிரம்ப இரண்டு குறை. அக்குறையை இரு ஹைட்ரஜன் அணுக்கள் தீர்க்கின்றன.

தாய்மொழியில் விஞ்ஞானம் எழுதப் புகும் நாம் இவ்வரலாற்றை மறத்தலாகாது. இரு பொருளுக்கு ஒரு சொல்லை வழங்கியதனால் பேரறிஞரும் அரை நூற்றாண்டு தடுமாறினர். கலைச்சொல்லை ஆராய்ந்து அமைப்பதும் அறிவுப் பணியே ஆகும்.