இசைத் தொடர்முறையில் இசை எங்கே?



பதினோராம் வகுப்பில் கூட்டுத் தொடர்முறை, பெருக்குத் தொடர்முறை முடிந்து இசைத் தொடர்முறை வந்ததும், "இதுல இசை எங்க சார்?" என்று ஆண்டுதோறும் ஒருவராவது கேட்பீர்கள். ஒரு பாடவேளைக்குள் அடங்காத பதில் அது. இப்போது சொல்கிறேன்.

1, 1/2, 1/3, 1/4... இவற்றைத் தலைகீழாக்கினால் 1, 2, 3, 4 என்று கூட்டுத் தொடர்முறை கிடைக்கும். புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான்.

இனி வீணைக்கு வாருங்கள். மேருவிலிருந்து குதிரை வரை கம்பி 72 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மீட்டினால் ஷட்ஜம். 48 செ.மீ. மட்டும் அதிரும்படி அழுத்தினால் பஞ்சமம். 36 செ.மீ. என்றால் மேல் ஷட்ஜம். 72, 48, 36 இசைத் தொடர்முறை. நடுவில் உள்ள 48 இசைச் சராசரி. பித்தாகரஸ் வழிவந்த கிரேக்கர்கள் இதைக் கண்டுதான் அந்தச் சராசரிக்கு இசையின் பெயரை வைத்தார்கள்.

கம்பி முழு நீளத்திலும், பாதியிலும், மூன்றில் ஒரு பங்கிலும் ஒரே நேரத்தில் அதிரும். தோல் அப்படியல்ல. வெறும் வட்டத் தோலை அடித்தால் அடிப்படை அதிர்வெண்ணுக்கு அடுத்தது 1.59 மடங்கு, அதற்கடுத்தது 2.14 மடங்கு. முழு எண்ணாக வராது. அதனால்தான் பல முரசுகளில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது?

திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் இதை ஆராய்ந்தார். 1920இல் சிவகாலி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழிலும், 1934இல் இன்னும் விரிவாகவும் எழுதினார். வலந்தலையின் நடுவிலுள்ள கரணையின் கனம் தோலின் அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 மடங்கு என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று காட்டினார்.

அந்தக் கரணை, கிட்டான் கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காக வைத்துத் தேய்ப்பது. ராமனின் கட்டுரைக்கு ஆண்டு தெரியும். கரணையை முதலில் வைத்தவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. சமன்பாடு ஏதுமின்றி, காதை மட்டும் நம்பித் தீர்த்த கணக்கு அது. தோலைத் தொடும் தொழில் என்று அவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர்கள் செய்த வாத்தியத்தை மேடையில் ஏற்றி வைத்தோம். கணிதம் படித்தவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கிடார் வாசிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சொல்: நீங்கள் 'ஹார்மோனிக் புரோகிரஷன்' என்பது கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் வரிசை. பெயர் ஒன்று, பொருள் வேறு. ஆனால் உங்கள் கிடாரில் 7ஆவது, 12ஆவது மெட்டுகளிலிருந்து பிரிட்ஜ் வரை அளந்து, முழு நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன வந்தது என்று எழுதுங்கள். வீட்டுப்பாடம் இன்னும் முடியவில்லை!