தழும்பும் பாக்கியும்: சிறுநீரகக் கொடையாளர் அறுவை மருத்துவமும் கொங்கு விசைத்தறிப் பகுதியும்

ஆய்வுச் சுருக்கம்

உயிருள்ள கொடையாளரிடமிருந்து சிறுநீரகம் எடுக்கும் அறுவை மருத்துவம், பெரிய வெட்டிலிருந்து சிறுதுளை முறைக்கு மாறியுள்ளது. இம்மாற்றத்தைத் தமிழ்நாட்டுச் சிறுநீரக வணிக வரலாற்றோடும் கொங்குப் பகுதி விசைத்தறித் தொழிலாளரின் கடன் நிலையோடும் இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: சிறுநீரகக் கொடை, லேப்ராஸ்கோபி, விசைத்தறி, பாக்கி, பள்ளிபாளையம்.

முன்னுரை

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே குழுவினர் ஒருகரு இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். நோயற்ற ஒருவரின் உடலைப் பிறர் நலத்துக்காக அறுக்கலாமா என்னும் வினா அன்றே எழுந்தது. இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971இல் வெற்றிகரமான மாற்று அறுவை நிகழ்ந்தது. அதன்பின் அவ்வினா தமிழ்நாட்டுக்கும் உரியதாயிற்று.

அறுவை முறையின் மாற்றம்

தொடக்க காலத்தில் விலாப்புறத்தில் நீண்ட வெட்டிட்டுத் தசைகளைப் பிளந்தே சிறுநீரகம் எடுக்கப்பட்டது. சில வேளைகளில் விலா எலும்பின் ஒரு பகுதியும் நீக்கப்பட்டது. கொடையாளர் முழுமையாக வேலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆயின. 1995இல் பால்டிமோரில் லாயிட் ராட்னரும் லூயி கவூசியும் கொடையாளருக்கு லேப்ராஸ்கோபி முறையை முதன்முதலாகக் கையாண்டனர். வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் நுழைக்கப்படுகின்றன. விடுவிக்கப்பட்ட சிறுநீரகம் அடிவயிற்றில் இடும் சிறு வெட்டின் வழியே வெளியே எடுக்கப்படுகிறது. சிரைக்குழாய் நீளமாக இருப்பதால் இடச் சிறுநீரகமே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இம்முறையால் வலி குறைந்தது, மருத்துவமனையில் தங்கும் நாள்கள் சுருங்கின. கொடையளிக்க முன்வருவோரின் தயக்கத்தைக் குறைப்பதும் இதன் நோக்கமாக இருந்தது.

வணிகமும் சட்டமும்

இதற்கு முன்பே, 1980களில், சென்னையில் சிறுநீரக விற்பனை பரவியிருந்தது. வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்னும் பெயரே வழங்கலாயிற்று. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. எனினும், நெருங்கிய உறவினர் அல்லாதோர் அன்பின் காரணமாகக் கொடையளிப்பதை அங்கீகாரக் குழுவின் ஒப்புதலுடன் அனுமதித்தது. தரகர்கள் இவ்வழியைப் பயன்படுத்தினர்.

சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் சென்னையில் மாதவ் கோயல் குழுவினர் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். கடனுக்காக விற்றவர்களுள் 74 விழுக்காட்டினர் ஆய்வின்போதும் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் தம் உடல்நலம் சீர்கெட்டதாகக் கூறினர்.

தறியும் பாக்கியும்

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு அண்டையில், ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் மறுகரையில் பள்ளிபாளையமும் அதற்கு வடக்கே குமாரபாளையமும் விசைத்தறி ஊர்களாக வளர்ந்தன. இங்குத் தொழிலாளர் தறி உரிமையாளரிடம் முன்பணம் பெற்று வேலையில் சேர்வர். தீராது நிற்கும் அத்தொகை 'பாக்கி' எனப்படும். இப்பாக்கி தொழிலாளரைத் தறியோடு பிணைக்கும் விதத்தை மானிடவியலாளர் கீர்ட் தெ நீவ் 2005இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். 2025இல் பள்ளிபாளையம் வட்டாரத் தொழிலாளரிடம் தரகர் வழியே சிறுநீரகங்கள் பெறப்பட்டதாகப் புகார் எழுந்தது. மாநில அரசு விசாரணை நடத்தியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க ஆணையிட்டது.

நிறைவுரை

சிறுதுளை அறுவை, கொடையாளரின் புண்ணைச் சுருக்கிய உண்மையான முன்னேற்றம். ஆயின் அதன் பயன், கொடையாளர் தம் விருப்பத்தோடு வந்தவர் என்னும் அடிப்படையில்தான் நிற்கிறது. கூலி நாளை இழக்க இயலாத தறித் தொழிலாளிக்குச் சில வார ஓய்வும் புதுக் கடனாகும். ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்கும் தொடர் கவனிப்பு அவருக்கு எட்டாது. தழும்பு சிறியது என்பதே தரகர் சொல்லுக்கு வலுச்சேர்க்கவும் கூடும். 2008இல் தொடங்கிய மூளைச்சாவு உறுப்புக்கொடைத் திட்டம், உயிருள்ள கொடையாளரைச் சார்ந்திருக்கும் நிலையைக் குறைக்கும் வழியாக அமைந்தது. அதனை விரிவாக்குவதும் பாக்கி முறையைத் தளர்த்துவதும் அறுவைத் திறனுக்கு இணையான கொடையாளர் பாதுகாப்பே என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.