பஸ்ஸிலேயே பாதாளம்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினால் ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுங்கள். சூளகிரி மலை கண்ணில் பட்டுக் கொஞ்ச நேரத்தில் குருபரப்பள்ளி வரும். சிப்காட், லாரிகள், மாந்தோப்புகள், தூரத்தில் மொட்டைப் பாறைகள். 'வெறும் கல்லுதானே' என்று கண்ணை மூடிவிடாதீர்கள். அந்தக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி வருடம்!

இத்தாலியின் அபினைன் மலைத்தொடரைப் பாருங்கள். அங்கே 2,912 மீட்டர் உயரத்தில் நிற்கும் கிரான் சாஸோ, பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். 20 கோடி வருடத்துக்கு முன்பு டெத்திஸ் கடலுக்கு அடியில் படிய ஆரம்பித்த சிப்பியும் சேறும்தான் பிற்பாடு நிலத்தட்டுகள் நெருக்கியதில் மலையாக எழுந்தன. அங்கே பூமியின் ஆட்டம் இன்னும் ஓயவில்லை. 2009-ல் பக்கத்து லாக்விலா நகரம் குலுங்கி, 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது இன்னும் துள்ளும் கன்றுக்குட்டி.

நம்ம கிருஷ்ணகிரி? எல்லாம் ஆடி அடங்கிய கிழவர். அபினைனில் கடலின் அடிவயிறு மேலே வந்தது என்றால், இங்கே பூமியின் அடிவயிறே மேலே வந்திருக்கிறது. இந்தப் பாறைகள் இன்றைய வடிவத்துக்கு வெந்தது சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி வெப்பத்தில்.

எப்படித் தெரியும்? கல்லே சாட்சி. கோமேதகத்தின் சொந்தக்காரரான கார்னெட் போன்ற சில தாதுக்களின் சேர்மானத்தைப் பார்த்தாலே, எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு சூட்டில் அவை உருவாயின என்று கணக்குப் போட்டுவிடலாம். மேலே மூடியிருந்த பாறையை மழையும் ஆறும் கோடிக்கணக்கான வருடம் கரைத்துக்கொண்டு போயின. பாரம் இறக்கிய பரிசல் மாதிரி அடிப்பாறை மெல்ல மெல்ல மேலே வந்தது.

அதுவும் ஒரே சீராக வரவில்லை. தெற்குப் பக்கம் அதிகம் தூக்கிக்கொண்டது. அதனால் ஓசூரிலிருந்து தர்மபுரி நோக்கிப் போகப் போக, இன்னும் ஆழத்தில் வெந்த பாறைகள் வெளியே தெரிகின்றன. அதாவது, டிக்கெட் எடுத்து உட்கார்ந்தபடியே பாதாளத்துக்கு இறங்குகிறீர்கள்!

தெற்கே போனால் கருத்த, எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் ஒரு கல் நிறைய வரும். பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கால் ஊன்றிக் கொடுத்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். நம்ம சென்னைப் பரங்கிமலையும் இதே கல்தான்.

1791-ல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்க வந்த ஆங்கிலேயப் படை, மலையை ஜெயிக்க முடியாமல் திரும்பியது. அவர்களால் முடியாததை இன்று வைர ஒயர் ரம்பம் செய்கிறது. இங்கே வெட்டும் 'பாரடைசோ' கிரானைட், கப்பலேறிப் பல நாட்டுச் சமையல் மேடைகளுக்குப் போகிறது. அதில் தெரியும் அழகான சுழிகள், பாறை பாதி உருகிக் குழம்பியபோது விழுந்த தடம்.

குவாரி பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, மறுக்கவில்லை. ஆனால், வெட்டிய மரம் துளிர்க்கும். வெட்டிய பாறை துளிர்க்காது. பரங்கிமலை சார்னோக்கைட்டை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள் அல்லவா? அந்த மாதிரி இந்த ரோட்டோரத்திலும் சில பாறைகளையாவது விட்டுவைக்கலாமே. நம் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு ஜன்னல் சீட் வேண்டாமா?