காயல் கரையும் பருவக்காற்றும்

அரபு மொழியில் ‘மவ்ஸிம்’ என்னும் சொல்லுக்குக் குறித்த காலம் என்பது பொருள். ஹஜ்ஜுடைய காலத்தை ‘மவ்ஸிமுல் ஹஜ்’ என்கிறோம். கடலோடிகளான அரபு வணிகர்கள், பாய்மரக் கப்பலுக்கு ஏற்ற காற்று வீசும் காலத்தையும் இச்சொல்லாலேயே குறித்தனர். அதுவே போர்த்துக்கீசியர் நாவில் திரிந்து, பின்னர் ‘மான்சூன்’ ஆயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கியதும் அந்தக் காற்றை நம்பித்தான். கப்பலைக் கொணர்ந்த காற்று இக்கரையின் உழவனுக்கு என்ன செய்தது என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது.

ஆனி, ஆடியில் வீசும் தென்மேற்குக் காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே உள்ள தூத்துக்குடிச் சீமைக்குக் கிட்டுவது வறண்ட கச்சான் காற்றும் புழுதியுமே. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே இம்மண்ணின் உயிர். அம்மழை ஓய்ந்து கடல் அமைதியுற்றுத் தெளியும் பங்குனி, சித்திரையில்தான் முத்துக்குளிப்பும் நடைபெற்றது. இவ்வாறு கடலுக்கும் கழனிக்கும் ஒரே காற்றே காலம் குறித்தது.

எனினும் உழவு எங்கும் ஒருபடித்தானதன்று. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி இரு பருவ மழைகளையும் ஏந்தி வருவதால், ஆற்றுப் பாசனத்தில் காரும் பிசானமும் என இரு போகம் நெல் விளைந்தது. ஆற்றின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பிரியும் கால்கள் கடம்பாகுளம், கோரம்பள்ளம் முதலிய குளங்களை நிரப்பின. கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிகளின் கரிசலுக்கோ வற்றாத ஆறில்லை. அங்குள்ளோர் மழையை எதிர்நோக்கிப் புழுதியிலேயே விதைத்துவிட்டு வானம் பார்த்திருப்பர். உரிய காலத்தில் மழை பெய்தால் பருத்தியும் கம்பும் உளுந்தும் உண்டு. பிந்தினால் விதையும் போயிற்று.

மழை பொய்த்ததன் கொடுமையைத் தாது வருடப் பஞ்சம் காட்டிற்று. 1876ஆம் ஆண்டின் பருவமழை தவறியதால் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்குப் பெயர்ந்தோரும் பலர்.

மிகுந்ததன் கொடுமையை நாமே கண்டோம். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட மிகுதியான மழை ஒரே நாளில்! குளக்கரைகள் உடைந்தன, ஆற்றோரத்து நெல்லும் வாழையும் மூழ்கின, கரிசலில் நின்ற பயிர்களும் அழிந்தன, உப்பளங்கள் வெள்ளக்காடாயின. கடல் வெப்பமடையுந்தோறும் காற்று ஏந்தும் ஈரம் பெருகுகிறது. ஆகவே பெருமழைகள் இன்னும் கடுமையாகும் என்று அறிவியலாரும் எச்சரிக்கின்றனர்.

இரண்டுக்கும் நம் மார்க்கத்தில் வழிகாட்டுதல் உண்டு. மழையற்ற காலத்தில் இஸ்திஸ்காத் தொழுகை சுன்னத்தாகும். மழை மிகுந்தபோது அதைக் குன்றுகளுக்கும் ஓடைகளுக்கும் திருப்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைஞ்சியதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். தானியத்தின் ஜகாத்தை விதித்த ஷரீஅத்தும் நீர் வந்த வழியையே அளவுகோலாகக் கொண்டது. வானமழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. கமலை பூட்டி இறைத்து விளைந்ததில் இருபதில் ஒரு பங்கு. இறைவன் இலவசமாய்த் தந்த நீருக்கு நன்றிக் கடன் அதிகம் என்பதன்றோ இதன் உட்கருத்து!

நன்றி நாவளவில் நின்றால் போதாது. மழை குறையும் ஆண்டில் காப்பதும், மிகும் ஆண்டில் தாங்குவதும் ஒரே குளந்தான். அதைத் தூர்த்து மனையாக்கியவன் இரு துன்பங்களையும் ஒருங்கே விலைக்கு வாங்கியவனாவான். கிணறு வெட்டுவதை ஸதக்கா ஜாரியா என்று போற்றும் சமுதாயம் நாம். ஊர்க் குளத்தின் தூரை வாரி, கரையை உயர்த்தி, நீர்வழியை மீட்பதும் அந்த நிலையான தர்மத்தில் அடங்கும். மவ்ஸிம் அல்லாஹ்வின் கையில். குளம் நம் கையில்.